சனிக்கிழமை எடை

அத்தியாயம் 11

போன வாரம் துலியை ஜிம்னாஸ்டிக்ஸ் பீம் கட்டையின் மேல் ஒற்றைக் காலில் நிறுத்திவிட்டு வந்தோம். அவள் விழவில்லை. அழகாக இறங்கினாள், சிரித்தாள், கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பிறகு பத்து நிமிடம் சத்தமே இல்லை. வெளியே காத்திருந்த அத்தை மிதாலி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தபோது துலியின் கீழுதட்டில் பல் பதிந்த தடம் இருந்தது.

மிதாலி அகர்தலாவில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மனிதர்களின் முகத்தைவிட உள்ளே இருப்பதை அதிகம் பார்த்துப் பழகியவள். மறுநாளே துலியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, வளையல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, எக்ஸ்ரேயும் எலும்பு ஸ்கேனும் எடுத்துவிட்டாள். விஷயத்தைத் துலியின் அம்மாவான அண்ணி காகலியிடம் மட்டும் சொன்னாள். அண்ணன் பரிமலிடம் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதும் அரசிதழில் வெளியிடுவதும் ஒன்று.

இன்று சனிக்கிழமை. எக்ஸ்ரே, ஸ்கேன் இரண்டின் முடிவும் வரும் நாள். மாலை நான்கு மணிக்கு உடற்பயிற்சிக் கழகத்தில் எடை பார்ப்பார்கள். நாளை காலை ஒன்பது மணிக்குத் தேசியப் போட்டிக்கான மாநிலத் தேர்வு.

* * *

பரிமல் பௌமிக் நீர்ப்பாசனத் துறையில் தலைமை எழுத்தர். தொண்ணூற்று நான்கு கிலோ. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று இயற்கையை ரசிப்பார். அலுவலக மாடிப்படியில் ரசிக்க ஒரு குப்பைத் தொட்டிதான் உண்டு என்றாலும் ரசிப்பார்.

"எடைங்கறது உடம்பு சம்பந்தப்பட்டதே இல்ல. மன உறுதி சம்பந்தப்பட்டது," என்றார் அவர், ஆறாவது லுச்சிப் பூரியை உருளைக்கிழங்கில் தோய்த்தபடி.

யாரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடியவள் எதிரே காலித் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துலிக்குப் பதினைந்து வயது. தூரத்திலிருந்து பார்த்தால் பதினொன்று. கிட்டத்தில், கண்ணுக்குக் கீழே பார்த்தால், முப்பது.

சென்ற மாதம் அவள் அரைக் கிலோ குறைந்தாள். அந்தச் சந்தோஷத்தில் பரிமல் ஒரு கிலோ சந்தேஷ் இனிப்பு வாங்கித் தெரு முழுக்க விநியோகித்தார். தெருவே தின்றது, துலியைத் தவிர.

"ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணிட்டேன்," என்று பரிமல் ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டினார். "உடல்நிலைன்னு ஒரு கட்டம். 'மிகச் சிறப்பு'ன்னு எழுதியிருக்கேன். கீழே என் கையெழுத்து."

கையெழுத்தின் அடியில் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். அவர் அணைக்கட்டுக் கோப்புகளுக்குக்கூட ஒரு கோடுதான் போடுவார்.

"துலி, ஒரு லுச்சியாவது?" என்றாள் காகலி.

"அம்மா, இன்னைக்கு சனிக்கிழமை."

"ஆமா. மறந்தே போச்சு."

அந்த விரதத்தைத் தொடங்கி வைத்தவளே காகலிதான். போன வருடம் மாநிலப் போட்டியில் துலி பீமிலிருந்து விழுந்தாள். அன்றே காகலி சனி தாகுருக்கு, அதாவது சனி பகவானுக்கு, வேண்டிக்கொண்டாள்: என் மகள் பதினாறு சனிக்கிழமை உபவாசம் இருப்பாள், அவள் காலை நீ பார்த்துக்கொள். பதினாறு முடிந்ததும் துலியே நீட்டித்தாள். பிறகு செவ்வாய்க்கிழமை மங்களசண்டி வந்து சேர்ந்தாள். பிறகு வெள்ளிக்கிழமைக்குச் சந்தோஷி மா. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் மொபைலில் விழுந்து கிடக்க, தன் மகளுக்கு மட்டும் வாரத்தில் மூன்று தெய்வங்களோடு பழக்கம் ஏற்பட்டதில் காகலிக்கு உள்ளூரக் கர்வம். வெளியிலும் கர்வம்தான். தெருக்குழாயடியில் அதைச் சொல்லாத நாளில்லை.

இன்று நாற்பதாவது சனி. சாயங்காலப் பூஜை முடிகிறவரை துலி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். தண்ணீர் குடிக்கலாம் என்று புரோகிதரே சொல்லியிருக்கிறார். துலிதான் புரோகிதரை அனுமதிக்கவில்லை.

அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். முதல் படியில் இடது கால், அடுத்த படியிலும் இடது கால். வலது காலை ஒவ்வொரு முறையும் பின்னால் கூட்டிக்கொண்டு வந்தாள், சிறு குழந்தையைக் கைப்பிடித்து இறக்குவதுபோல.

பரிமல் அதைப் பார்த்தார். "பாத்தியா, இப்பவே காலைச் சேமிக்கிறா. இதுக்குப் பேர்தான் ஒழுக்கம்."

* * *

பன்னிரண்டரைக்கு மிதாலி வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். கையிலிருந்த உறை மட்டும் நனையவில்லை. அதைப் புடவைக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தாள்.

காகலி நாளைக்கான ஆட்ட உடையைத் தையல் மிஷினில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீலத்தில் வெள்ளி மினுக்கு. போன மாதம் பிடித்த தையலுக்கு உள்ளே ஒரு விரல் தள்ளி இன்னொரு தையல். அதற்கு முந்தின மாதத் தையலும் அதன் வெளியே தெரிந்தது.

"அண்ணி, கதவைச் சாத்து."

"வீட்டுல யாரும் இல்லடி."

"இருந்தாலும் சாத்து."

மிதாலி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வலது கணைக்கால் எலும்பு. நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய கோடு.

"முடி ஒட்டியிருக்கு பாரு," என்று காகலி அதைத் துடைக்கப் போனாள்.

"முடி இல்ல அண்ணி. எலும்புல விரிசல்."

காகலியின் விரல் படத்தின் மேலேயே நின்றது.

"இப்போதைக்கு மயிரிழைதான். ஓய்வு குடுத்தா கூடிடும். ஆனா அவ உயரத்துல சுத்தி வந்து இறங்கறப்ப அவ எடை மாதிரி பத்து மடங்கு அந்தக் கால்ல விழும். நாளைக்கு எத்தனை தடவை குதிப்பா?"

"பயிற்சியோட சேத்து முப்பது, நாப்பது..." காகலி கணக்கைப் பாதியில் விட்டாள். "சரி, ஆடுற பிள்ளைன்னா அடி படாதா? கட்டுப் போட்டு, மஞ்சள் பத்துப் போட்டு..."

"அடி பட்டதுன்னா நான் இப்படி மழையில ஓடி வர மாட்டேன்." மிதாலி இரண்டாவது காகிதத்தை எடுத்தாள். "இது முதுகெலும்பு. அடர்த்தி எவ்வளவுன்னு பாத்தது. மைனஸ் ரெண்டு புள்ளி நாலு."

"மைனஸ்னா?"

"அவ வயசுப் பொண்ணுங்க நூறு பேரை வரிசையா நிறுத்தினா இவ கடைசியில நிக்கிறா. பத்து, பதினெட்டு வயசுக்குள்ள சேத்து வைக்கிற எலும்புதான் ஆயுசுக்கும். இவ சேத்து வைக்கல. இருக்கறதையும் எடுத்துத் தின்னுட்டிருக்கா."

காகலிக்கு ஒரு கயிறு கிடைத்தது. பிடித்துக்கொண்டாள். "கோச் நந்தி சார் சொல்வாரே. ஜிம்னாஸ்டிக்ஸ் பொண்ணுங்களுக்கு எலும்பு மத்தவங்களை விடக் கெட்டியா இருக்கும்னு."

"அவர் சொல்றது நிஜம்தான். அதான் நான் பயப்படறேன். குதிக்கக் குதிக்க எலும்பு கெட்டியாகும். சும்மா உக்காந்து டிவி பாக்கற பொண்ணை விட இவளுக்குக் கூட இருக்கணும். இவளுக்குக் குறைஞ்சிருக்குன்னா உள்ள வேற என்னமோ நடக்குது." மிதாலி நாற்காலியை இழுத்து எதிரே போட்டாள். "கொழுப்புன்னு உடம்புல ஒண்ணுமே இல்ல. பீரியட்ஸ் கடைசியா எப்ப வந்தது?"

"மாசா மாசம் வருதே. நாப்கின் பாக்கெட் நான்தானே வாங்கி வைக்கிறேன். தீந்துடுது."

"நீ பாத்தியா?"

"வளந்த பொண்ணு. நான் எதைப் போய்ப் பாக்கறது?"

"சாப்பாடு?"

"விரத நாள் தவிர சாப்பிடத்தான் செய்யறா. விரதத்துல மட்டும் அவளை அசைக்க முடியாது மிதாலி, அது வேற விஷயம். இன்னைக்கு நாப்பதாவது சனிக்கிழமை. காய்ச்சல் வந்தப்பகூட விடல. அவளே குளிச்சு, அவளே கோலம் போட்டு, அவளே விளக்கேத்தி... நாப்பது வாரத்துல ஒரு வாரம்கூட..."

பெருமையாகத் தொடங்கிய வாக்கியம் நடுவழியில் நின்றது.

இந்த வீட்டில் விலக்கான பெண் பூஜை மாடத்தின் பக்கம் போவதில்லை. காகலி போவதில்லை. மிதாலி விருந்தாளியாக வந்தாலும் போவதில்லை. மாதத்தில் அந்த நாட்கள் காகலிக்கு வந்தால், "நீ தள்ளி உக்காரு, நான் ஏத்தறேன்" என்று துலிதான் போவாள். துலிக்காகக் காகலி ஏற்றிய சனிக்கிழமை எது?

அவள் எழுந்து மாடத்தருகே போனாள். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமையும் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள் துலி. காகலி தாளைத் தூக்கினாள். ஆடி, ஆனி, வைகாசி, சித்திரை. பங்குனி, மாசி. வரிசை எங்கேயும் உடையவில்லை. இவ்வளவு ஒழுங்கான பொட்டுகளை அவள் எத்தனையோ தடவை பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள். பத்து மாதமாகக் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்த நோய்ச் சீட்டு அது.

"மிதாலி," என்றாள், திரும்பாமலே. "ஒரு வாரம்கூட விடலடி."

மிதாலி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உடம்பும் நம்மள மாதிரிதான் அண்ணி. அரிசி குறைஞ்சா முதல்ல விருந்தாளிக்குப் பொங்கறதை நிறுத்துவோம் இல்ல? அது பீரியட்ஸை நிறுத்திடுச்சு. அப்பவும் பத்தலன்னா வீட்டுக் கட்டையைப் பிடுங்கி எரிக்கும். இப்ப அதைத்தான் எரிச்சிட்டிருக்கு."

"நான்தான் வேண்டிக்கிட்டேன்."

"நீ பதினாறு வாரம்தான் வேண்டிக்கிட்ட."

"அவ காலைப் பாத்துக்கோன்னு வேண்டிக்கிட்டேன்."

தையல் மிஷினில் நீல உடை ஊசி குத்தியபடியே தொங்கியது. காகலி அதைப் பார்த்தாள். பிறகு சட்டென்று கேட்டாள்: "அப்ப அந்த பாக்கெட்டெல்லாம் எங்க போச்சு?"

* * *

உதயன் உடற்பயிற்சிக் கழகத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் அஷீம் நந்தி மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். ஒரு காலத்தில் ரஷ்யாவில் பதினோரு நாள் பயிற்சி பெற்றவர். அதைப் பதினோரு வருடமாகச் சொல்லி வருகிறார். பக்கத்தில் எடை மிஷின். முன்னால் சிவப்பு நோட்டு.

பதினோரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். காதுத் தோட்டைக் கழற்றினார்கள். தலைக் கிளிப்பைக் கழற்றினார்கள். ஒருத்தி ஜன்னல் வழியாக எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தாள். பதினாறு வயதுப் பெண் துப்பித் துப்பி எவ்வளவு குறைய முடியும் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அங்கே அது பழக்கம்.

நெற்றியில் திலகத்துடன் பரிமல் முதல் பெஞ்சில் இருந்தார். மடியில் சந்தேஷ் பெட்டி. எண் இன்னும் வரவில்லை, இனிப்பு வந்துவிட்டது.

துலி ஏறினாள். வலது கணைக்காலில் கிரேப் கட்டு இறுக்கிச் சுற்றியிருந்தது.

"முப்பத்தாறு புள்ளி ரெண்டு," என்றார் நந்தி. "கட்டோட. எல்லாரும் பாருங்க. இதுதான் ஆட்டக்காரி உடம்பு. ரஷ்யாவுல..."

"சார்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

காகலியும் மிதாலியும் நனைந்து நின்றார்கள். காகலி நேராக மேஜைக்கு வந்து சிவப்பு நோட்டின் மேல் எக்ஸ்ரேயை வைத்தாள்.

"இவ நாளைக்கு ஆட மாட்டா."

பரிமல் எழுந்தார். பெட்டியும் அவரோடு எழுந்தது. "என்ன இது? எனக்குத் தெரியாம என்ன படம்? காகலி, பத்து பேர் இருக்கற எடத்துல..."

"அண்ணா, கால்ல விரிசல்," என்றாள் மிதாலி. "முதுகெலும்பு கிழவி எலும்பு மாதிரி இருக்கு. குதிச்சா ஒடிஞ்சிடும். இதுக்கு மேல சின்ன வாக்கியமா எனக்குச் சொல்லத் தெரியல."

நந்தி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். மிதாலி அதை வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் முப்பது வருஷமா பொண்ணுங்க எலும்பைப் பாத்துட்டு வர்றேன்மா. ஜிம்னாஸ்ட் எலும்புன்னா இரும்பு."

"எத்தனை எலும்பை உள்ள போய்ப் பாத்தீங்க சார்?"

"மிதாலி, சாருகிட்ட மரியாதையா பேசு," என்றார் பரிமல். "நாளைக்கு இந்த மாநிலமே துலியை எதிர்பாத்துட்டிருக்கு."

"மாநிலம் நாளைக்கு ஞாயித்துக்கெழமை. பத்து மணி வரைக்கும் தூங்கும்."

காகலி இந்தப் பேச்சு எதையும் கேட்கவில்லை. எடை மிஷினின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். துலி இன்னும் அதன் மேலேயே நின்றாள். அம்மாவின் தோளுக்கு மேலாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டை அவிழ்க்கறேன்," என்றாள் காகலி.

"இங்க வேணாம்மா."

"அசையாத."

"அம்மா. இங்க வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்."

காகலி கொக்கியைக் கழற்றினாள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. ஆறாவது சுற்றில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. நீளவாக்கில் எலும்பின் மேல் ஒட்டியிருந்தது. அடியில் இன்னொன்று. குதிகாலில், மடித்து, மூன்றாவது.

மாதாமாதம் தீர்ந்துபோன பாக்கெட்டுகள் எங்கே போயின என்று காகலிக்குத் தெரிந்துவிட்டது. அவை எதற்காக வாங்கப்பட்டனவோ அதற்கு வேலை இல்லாமல், மெத்தையாகியிருந்தன. அடியில் தோல் சிவந்து, பளபளப்பாக வீங்கியிருந்தது.

பரிமல் கூரையைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பெண்களின் எலும்பைப் பார்த்துவந்த அஷீம் நந்தி, சிவப்பு நோட்டில் தேதி சரியாக இருக்கிறதா என்று மும்முரமாகச் சரிபார்க்கத் தொடங்கினார்.

"எத்தனை மாசமா வரல?" என்றாள் காகலி.

"பத்து." துலியின் உதடு வறண்டு வெடித்திருந்தது. "சீனியர் அக்காங்க எல்லாம் நல்லதுன்னுதான் சொன்னாங்க. வந்தா உடம்பு கனத்துடுமாம். வரலன்னா உடம்பு தயாராயிடுச்சுன்னு அர்த்தமாம்."

"வலிக்கலையா?"

"எல்லாருக்கும்தான் வலிக்குது."

அதைக் கேட்டுத்தான் மிதாலி திரும்பி வரிசையைப் பார்த்தாள். மீதி பத்துப் பெண்கள். நான்கு பேர் காலில் கட்டு இருந்தது. அந்த நால்வரும், யாரும் சொல்லாமலே, கட்டுள்ள காலை மறுகாலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

மிதாலி ஆஸ்பத்திரியில் எத்தனையோ உடைந்த எலும்புகளைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் உடைந்த பிறகு வந்தவை. வரிசையில் நின்று காத்திருக்கும் எலும்புகளை இப்போதுதான் பார்க்கிறாள்.

காகலி எழுந்து கையை நீட்டினாள். "இறங்கு. வீட்டுக்குப் போலாம்."

"நாளைக்கு?"

"நாளைக்கு இல்ல. அடுத்த மாசமும் இல்ல. முதல்ல சோறு. அப்புறம் டாக்டர்."

"நாப்பது வாரம் இருந்தேன்மா." துலியின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீதானே சொன்ன, இருந்தா கிடைக்கும்னு."

காகலி நீட்டிய கையை மடக்காமல் இன்னும் ஓரடி கிட்டே வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. பாரு."

அவள் இறங்கிய விதத்தைப் பார்த்து அம்மாவிடம்தான் வருகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அம்மாவைத் தாண்டினாள். அவிழ்ந்த கட்டு தரையில் கிடந்தது. மூன்று வெள்ளைத் துண்டுகளும் அதன் பக்கத்தில். வெறுங்காலோடு ஓட்டப் பாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றாள். கோடியில் ஒரு நொடி நின்று, பயிற்சிப்படி, மூச்சை இழுத்தாள்.

"துலி," என்றார் பரிமல். சொற்பொழிவு எதுவும் பின்தொடராத வெறும் பெயர்.

ஓடினாள். பலகையை மிதித்தாள். தாண்டிக் குதிக்கும் வால்ட் மேஜையில் இரண்டு கையும் பட்டது தெரிந்தது. பிறகு காற்றில் அவள் சுற்றியது ஒரு முறையா ஒன்றரையா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு காலும் சேர்ந்து மெத்தையில் இறங்கின. ஒரு அங்குலம் நகரவில்லை. முகவாய் உயர்ந்தது. இரு கைகளும் காதோரம் மேலே போயின. நடுவர்களுக்காகப் பழகிய சிரிப்பு வந்தது.

அப்படி ஓர் இறக்கத்தை அந்தக் கழகம் பார்த்ததில்லை. பின் பெஞ்சில் ஒரு பெண்ணின் அம்மா, தன்னையறியாமல் குலவையிட்டாள். நந்தியின் தலை நோட்டிலிருந்து நிமிர்ந்தது. பரிமலின் கை தட்டுவதற்காகப் பிரிந்தது.

விதிப்படி மூன்று எண்ணும்வரை அப்படி நிற்க வேண்டும். மூன்று ஆனது. ஐந்து ஆனது.

"போதும், கையை இறக்கு," என்றார் நந்தி.

துலி இறக்கவில்லை. சிரிப்பும் இறங்கவில்லை. குலவை பாதியில் தேய்ந்து நின்றது.

தொண்ணூற்று நான்கு கிலோ பரிமல் பௌமிக், இயற்கையை ரசிக்காமல், வழியில் எங்கேயும் நிற்காமல் ஓடினார். சந்தேஷ் பெட்டி எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் காகலிதான் முதலில் போய்ச் சேர்ந்தாள்.

"தொடாதம்மா," என்றாள் துலி, சிரித்த உதடு அசையாமல். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போனது. அவள் இமைக்கவில்லை. "கையை இறக்கினா விழுந்துடுவேன்."

காகலியின் இரண்டு கைகளும் மகளின் இடுப்புக்கு ஒரு விரல் தூரத்தில், தொடாமல் நின்றன.

"அம்மா."

"சொல்லு கண்ணு."

"கால்ல வந்த அந்தச் சத்தம் உனக்கும் கேட்டுச்சா?"